திங்கட்கிழமைக்குள் ஒரு பதில்

கடலோரத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று சொன்னவள் விஷாலினிதான். ஜனவரியில் தொழிற்சாலையின் ஆண்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, மற்றவர்கள் வழக்கம்போல நீர்ச்சறுக்கு விளையாட்டுக்குப் போகலாம், கேமரன் மலைக்குப் போகலாம் என்றார்கள். விஷாலினி கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். செங்குத்தான பாறைகள், அவற்றின் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் காடு, அடியில் மோதி வெள்ளையாகச் சிதறும் அலை. வடக்கே பஸ்ஸில் ஐந்து மணி நேரம். காட்டுக்குள் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கி, பாறைகளைத் தாண்டினால் ஒரு மணல்கரை வரும். அங்கிருந்து படகில் திரும்பிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு பத்தாங்காலி பக்கத்து மலைகளில் ஏறி இறங்குவது விஷாலினிக்குப் பழக்கம். முப்பத்திரண்டு வயது. மனிதவளப் பிரிவில் ஆறு வருடமாகக் குமாஸ்தா வேலை. அந்தத் தொழிற்சாலை, பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி கோல சிலாங்கூருக்குப் போகும் சாலையில் இருந்தது. கார்களுக்கான மின்கம்பிக் கட்டுகளைச் செய்து அனுப்புகிற இடம். லைனில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள். கேண்டீன் சுவரில் அவள் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியபோது, அவர்கள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று பார்த்தார்கள். நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அவ்வளவு பேர் வருவார்கள் என்று அவளே நினைக்கவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, மனிதவள மேலாளர் தனபாலன் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மே கடைசியோட லைன் எல்லாத்தையும் மூடுறாங்க, விஷா. மெஷின் வியட்நாமுக்குப் போவுது. லெட்டர் தயார் பண்ண ஆள் வேணும். உன்னத்தான் சொல்லியிருக்கேன்."

அவளுக்குச் சட்டென்று ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாருக்குமா சார்?"

"எல்லாருக்கும்தான். ஆபீஸ் ஆளுங்களுக்கு அக்டோபர். எனக்கும்தான் லா." அவர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இதுல சைன் பண்ணு. வெளிய ஒரு வார்த்த போச்சுன்னா அன்னிக்கே உன்ன நிறுத்திடுவாங்க. கேஸ் வேற போடுவாங்க. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும், லைன் நின்னுடும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் நினைவு வந்தது. "அப்ப அந்த டிரிப்பு?"

"நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க." தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் அல்ல அவர். "போயி ஒருநா சந்தோஷமா இருந்துட்டு வரட்டுமே."

அன்று மாலைக்குள் பெயர்ப்பட்டியல் முழுவதையும் அவள் தட்டச்சு செய்து முடித்துவிட்டாள். நாகமணி த/பெ பெருமாள் என்ற பெயர் வந்தபோது விரல் நின்றது. பின் அடுத்த பெயருக்குப் போனது.

நாகமணிக்கு ஐம்பது வயது. இருபத்திரண்டு வருடமாக அதே லைன். கணவர் இறந்துவிட்டார், மகள் குமுதா திருமணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். கோல சிலாங்கூருக்குச் சற்று முன்னால், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்தாள். விஷாலினி வேலைக்கு வந்த புதிதில் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கு என்ன தொத்து வியாதியா? இங்க வந்து உக்காரு" என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டவள் அவள்தான். அதிலிருந்து ஆறு வருடமும் அதே மேசை.

* * *

மே மாதம் முதல் சனிக்கிழமை, விடிவதற்குள் பஸ் புறப்பட்டது. தோட்டத்துச் சாலை முனையில் ஏறிய நாகமணி புதுச் சப்பாத்து போட்டிருந்தாள். வயல் வேலைக்காரர்கள் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து. மலையேற அதுதான் நல்லது என்று சந்தைக்காரன் சொன்னானாம். சுங்கை பஞ்சாங் வயல்களில் பொழுது புலர்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற சோமு மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பாடச் சொன்னான். பின் இருக்கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் கைமாறின. விஷாலினி முன் இருக்கையில் உட்கார்ந்து வருகைப் பதிவைச் சரிபார்த்தாள். அந்த நாற்பது பெயர்களையும் அவள் இன்னொரு தாளிலும் தட்டச்சு செய்திருக்கிறாள். திரும்பிப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

பூங்கா வாசலில் அவர்களுக்காக ஹைருல் என்கிற வழிகாட்டி காத்திருந்தான். நாற்பது வயதிருக்கும். குடும்பம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது. இவனுக்கு மட்டும் கடைக்குள் நிற்கப் பிடிக்கவில்லையாம். தமிழில் கணீரென்று பேசினான்.

"அக்காமாருங்களே, கயிறு கட்டியிருக்கிற எடத்துல கயிற விடக்கூடாது. கொரங்குகிட்ட சாப்பாட்டக் காட்டக்கூடாது. பாறையில நான் கால் வச்ச எடத்துலதான் நீங்களும் வைக்கணும். மூணே விஷயம்தான். சரியா?"

ஏற்றம் கடுமையாகத்தான் இருந்தது. மரவேர்கள் படிக்கட்டுகளாகக் குறுக்கே கிடந்தன. ஈரத்தில் மண் வழுக்கியது. பத்து நிமிடத்திற்குள் சட்டைகள் முதுகில் ஒட்டிக்கொண்டன. நாகமணி எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். விஷாலினி அவளுக்குப் பின்னால் நடந்தாள்.

"நீ முன்ன போம்மா. என்னோட நடந்தா நீ நாளைக்குத்தான் போய்ச் சேருவ."

"கடைசி ஆளா நான்தான் வரணும்க்கா. அதான் என் வேல."

காடு திடீரென்று முடிந்தது. கீழே கடல். நாகமணி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"இதும் கடலா?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவள் கடலுக்குப் பக்கத்திலேயே இருந்தவள். ஆனால் அவள் பார்த்த கடல் சுங்கை செம்பிலாங்கில், ஜெராமில். சேறும், சேற்றில் சாய்ந்து கிடக்கிற படகும், கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒரு சாம்பல் கோடும்தான். இங்கே பச்சைத் தண்ணீர் எழுந்து வந்து பாறையில் அறைந்தது. அறைந்த சத்தம் காலடியில் அதிர்ந்தது.

பாறைகளைத் தாண்டும்போது நீர் வற்றியிருந்தது. பாறை இரண்டாகப் பிளந்த ஓர் இடத்தில் மட்டும் கையைப் பிடித்துத் தாண்ட வேண்டியிருந்தது. கீழே ஈர மணல்தான். நாகமணி கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். மணல்கரையை அடைந்ததும் சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. வாய்விட்டுச் சிரித்தாள். "விஷா, ஒரு படம் எடு. குமுதாவுக்கு அனுப்பணும். நம்பவே மாட்டா." விஷாலினி எடுத்தாள்.

இரண்டரை மணிக்குப் படகு வரவேண்டும். இரண்டு மணிக்கே ஹைருலின் வாக்கிடாக்கி கரகரத்தது. அவன் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். தெற்கே மேகம் கறுத்திருந்தது, அலைகள் உயர்ந்திருந்தன.

"படகு வராது. வந்த வழியிலேயே திரும்புறோம். தண்ணி ஏறுறதுக்குள்ள பாறையத் தாண்டிடணும். சாமானெல்லாம் எடுங்க, சீக்கிரம்."

காலையில் இருந்த கும்மாளம் அடங்கிவிட்டது. வரிசையாக நடந்தார்கள். பிளவுப் பாறைக்கு வந்தபோது, மணல் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலைக்கும் அது உறுமிக்கொண்டு உள்ளே புகுந்து, நுரையோடு வெளியேறியது. ஹைருல் நடுவில் ஒரு கல்லில் காலூன்றி, ஒவ்வொருவராகக் கைப்பிடித்துக் கடத்தினான். அலை பின்வாங்குகிற நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். பயந்தவர்களைத் தோளைப் பிடித்து இழுத்தான். முப்பத்தொன்பது பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நாகமணி விளிம்புவரை வந்தாள். கீழே பார்த்தாள். திரும்பிப் போய்ப் பாறையோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியாது."

ஹைருல் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். "மிஸ், இவங்கள மேட்டுல ஏத்தி விட்டுட்டு ரெண்டு பேரக் கூட்டிட்டு வரேன். பத்து நிமிஷம். அவங்கள எந்திரிக்க விடாதீங்க."

இருவரும் தனியானார்கள். நாகமணியின் கையைப் பிடித்தபோது குளிர்ந்திருந்தது. எதையாவது பேச வைத்தால் பயம் குறையும் என்று விஷாலினிக்குத் தோன்றியது. "நேத்து என்கிட்ட ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களேக்கா? பஸ் வந்துடுச்சின்னு போயிட்டீங்க."

கேட்டிருக்கக் கூடாது என்று பின்னால் எத்தனையோ முறை நினைத்தாள்.

"ஆமாம்மா. ஒன்கிட்டத்தான் கேக்கணும்னு இருந்தேன்." நாகமணி முகத்தில் விழுந்த நீரைத் துடைத்தாள். "ஜெராம் பக்கத்துல புதுசா பேக்கிங் பேக்டரி ஒண்ணு தொறந்துருக்காங்கல்ல. நம்ம ஷஹீதா போன வருஷம் அங்கதான போனா. அவ எனக்காகச் சொல்லி வச்சிருக்கா. லைன் லீடரு வேல. வயசு அம்பதுன்னு தெரிஞ்சும் சரின்னுட்டாங்க. திங்கக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். எனக்கு ஒண்ணும் புரியல. நீ ஆபீசுல இருக்குறவ. போவவா, இருக்கவா?"

அலை ஒன்று உள்ளே புகுந்தது. இருவர் மேலும் தெறித்தது.

"போங்கக்கா" என்றாள் விஷாலினி.

"ஏன்?"

விஷாலினி தண்ணீரைப் பார்த்தாள். நாகமணி அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஏம்மா, இங்க ஏதும் நடக்குதா? பசங்க என்னென்னமோ பேசிக்கிறானுங்க. வியட்நாம்ல எடம் பாத்துட்டாங்கன்னு சோமு சொல்றான். நெசமா?"

அந்தப் பாறையில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. ஒரு தலையசைப்பு போதும். ஆனால் சொல்லத்தான் வேண்டும் என்று மனம் தீர்மானிப்பதற்குள், ஏப்ரலிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் சும்மா பேச்சுக்கா. ஜெராம்னா ஒங்க வீட்டுக்குப் பக்கம். அதுக்காகத்தான் சொன்னேன்."

"அப்பாடா" என்றாள் நாகமணி. கண்ணை மூடித் தலையைப் பாறையில் சாய்த்துக்கொண்டாள்.

ஹைருல் சோமுவையும் இன்னும் நான்கு பேரையும் அழைத்துக்கொண்டு வந்தான். சோமுவுக்கும் நாகமணிக்கும் பல வருடமாகவே ஆகாது. அவன் வண்டியைக் குறுக்கே நிறுத்துவான், அவள் ஏசுவாள். அந்தச் சோமு இடுப்பளவு தண்ணீரில், பிளவுக்குள் இறங்கி நின்றான். அலை அவனைப் பாறையில் மோதியது. பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் காட்டினான்.

"ஏறுக்கா. இருவது வருஷமா சாமான் தூக்குறவன் நான். ஒன்னத் தூக்க மாட்டனா?"

"நீ போட்டுடுவ."

"போட்டா நானும் சேந்துதான விழுவேன். ஏறு லா!"

அந்தப் பக்கம் நான்கு பேர் ஒருவர் இடுப்பை ஒருவர் பற்றிச் சங்கிலியாக நின்றார்கள். இந்தப் பக்கம் விஷாலினி அவள் கையைப் பிடித்திருந்தாள். நாகமணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே சோமுவின் தோளில் கால் வைத்தாள். ஓர் அலை முழுதாக மேலே வந்தது. ஒரு கணம் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. நுரை வடிந்தபோது அவள் அந்தப் பக்கம், நான்கு பேர் கைக்குள் இருந்தாள். மேட்டில் நின்றிருந்தவர்கள் போட்ட கூச்சல் காடு முழுவதும் கேட்டிருக்கும். நாகமணி உட்கார்ந்து அழுதாள். பெண்கள் வந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ அவள் தலையைத் துவட்டினார்கள். சோமுவின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. தன் தலையிலிருந்த துண்டைக் கிழித்து நாகமணியே அதற்குக் கட்டுப்போட்டாள்.

கடைசியாகத் தாண்டிய விஷாலினியை யாரும் பார்க்கவில்லை.

* * *

திரும்பும் வழியில் பஸ்ஸில் நாகமணி தூங்கவே இல்லை. இருக்கை இருக்கையாகப் போய் எல்லாரிடமும் பேசினாள். சபாக் பெர்ணமைத் தாண்டியதும் முன்னால் வந்து விஷாலினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. பத்து வயது குறைந்தவள்போல் இருந்தாள்.

"நான் முடிவு பண்ணிட்டேம்மா. போவல."

"எங்கக்கா?"

"ஜெராமுக்குத்தான். அங்க போனா யாரு எனக்காகத் தண்ணியில எறங்குவா? இருவத்திரெண்டு வருஷம் இவங்கள எல்லாம் சும்மா கூட வேல செய்யிற ஆளுங்கன்னுதான் நெனச்சிருந்தேன். இன்னிக்கித்தான் தெரிஞ்சிச்சி. நீ இந்த டிரிப்பப் போடலன்னா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்." அவள் விஷாலினியின் கன்னத்தைத் தொட்டாள். "நல்லா இரும்மா."

விஷாலினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருட்டில் செக்கிஞ்சான் வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இரவு பத்து மணி வாக்கில் பஸ் தோட்டத்துச் சாலை முனையில் நின்றது. நாகமணி எல்லாருக்கும் கைகாட்டிவிட்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே விஷாலினியும் இறங்கினாள். "ஒரு நிமிஷம் அண்ணே" என்று ஓட்டுநரிடம் சொன்னாள்.

"அக்கா, அந்த வேலைய விடாதீங்க. தயவுசெஞ்சி. திங்கக்கெழம வரேன்னு சொல்லிடுங்க."

நாகமணி திகைத்தாள். "இப்பதான பேசினோம்?"

"பேசினோம்தான். இருந்தாலும் நான் சொல்றேன், நீங்க போயிடுங்க."

"ஏன்னு சொல்லு."

"அது... ஒங்களுக்கு முட்டி வலி இருக்கு. லைன்ல நிக்கிறது கஷ்டம். லைன் லீடர்னா உக்காரலாம்."

நாகமணியின் முகத்திலிருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஓ. இன்னிக்கு நான் பாறையில உக்காந்துட்டேன்ல, அதப் பாத்துட்டுச் சொல்றியா? கெழவியாயிட்டா, இனிமே இவளால முடியாதுன்னு?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"ஆபீசுல பேசிக்கிட்டீங்களா? வயசானவங்களா பாத்து ஒவ்வொருத்தரா அனுப்பிடலாம்னு?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல."

"நான் ஒரு நாள் லேட்டா வந்துருக்கேனா, சொல்லு? ஒரு எம்.சி. லீவு எடுத்துருக்கேனா?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீ இப்படிச் சொல்லுவன்னு நெனைக்கல, விஷா."

பஸ் ஹாரன் அடித்தது. யாரோ ஜன்னலிலிருந்து "மிஸ், நேரமாவுது" என்றார்கள். நாகமணி செம்பனைகளுக்கு நடுவே போகும் இருண்ட செம்மண் சாலையில், காலை இழுத்து இழுத்து, வேகமாக நடக்க முயன்றுகொண்டு போனாள்.

புக்கிட் செந்தோசாவில் வீட்டுக்கு வந்ததும் விஷாலினி கணவன் மகேந்திரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவனுக்கு ஒப்பந்த வேலை. ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இருக்காது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"சைன் பண்ணிட்டல்ல?"

"ம்."

"அந்தம்மாகிட்ட சொன்னா அவங்க யாருகிட்டயும் சொல்லாம இருப்பாங்களா? நாப்பது பேரு சேந்து தூக்கி விட்டிருக்காங்க. அவங்களுக்குச் சொல்லாம இவங்க மட்டும் போயிடுவாங்களா?"

அவன் சொன்னது சரி. நாகமணி அப்படிப் போகிறவள் இல்லை. அது தெரிந்ததால்தான் விஷாலினியால் அவனோடு வாதிடவும் முடியவில்லை. ஞாயிறு முழுவதும் கைப்பேசி சமையலறை மேடையில் கிடந்தது. அவள் துணி துவைத்தாள். வீட்டைக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு வரும் பஸ்ஸிலிருந்தே நாகமணி ஷஹீதாவுக்குப் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்று மதியம் கேண்டீனில் அவள் விஷாலினியைக் கூப்பிடவில்லை. மேசையில் இடம் இருந்தது. விஷாலினி தட்டோடு அலுவலகத்துக்கே திரும்பிவிட்டாள்.

* * *

மே மாதக் கடைசி வெள்ளியன்று காலை பத்து மணிக்கு லைன்கள் நின்றன. எல்லாரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார்கள். மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். தனபாலன் மலாயிலும் தமிழிலும் சொன்னார். யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று எண்ணி வெளியே இரண்டு காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு வேலை வரவில்லை. பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சோமு மட்டும் எழுந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். அதைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. அவனும் உட்கார்ந்துவிட்டான்.

கடிதங்களைக் கொடுக்க விஷாலினியை உட்கார்த்தியிருந்தார்கள். வரிசை நகர்ந்தது. நாகமணியின் முறை வந்தது. அவள் உறையைப் பிரித்தாள். ஆங்கிலக் கடிதம்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சிச் சொல்லுங்க மிஸ்" என்றாள்.

ஆறு வருடத்தில் நாகமணி விஷாலினியை மிஸ் என்று அழைத்ததில்லை; நீங்க என்று சொன்னதுமில்லை. விஷாலினி தானே தட்டச்சு செய்த கடிதத்தைத் தானே வாங்கி, தமிழில் சொன்னாள். கடைசி வேலை நாள் இன்று. இத்தனை ஆண்டுச் சேவைக்கு நிறுவனம் நன்றி தெரிவிக்கிறது. நாகமணி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கடிதத்தின் தலைப்பில், எண்ணுக்குப் பக்கத்தில், சிறிதாக இருந்ததில் விரலை வைத்தாள். அதைப் படிக்க அவளுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

"இது தேதிதான? ஏப்ரல்னு போட்டுருக்கு."

"தயார் பண்ணின தேதி."

"நாம அங்க போனது மே மாசம்."

"ஆமா."

"பாறையில நான் கேட்டப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

பின்னால் வரிசை காத்திருந்தது. நாகமணி கடிதத்தை நான்காக மடித்தாள்.

"ஆமான்னு சொல்லக்கூட வேணாம். சும்மா இருந்திருந்தாலே போதும். நான் புரிஞ்சிக்கிட்டிருப்பேன். சும்மா பேச்சுன்னு சொன்னீங்க பாருங்க." அவள் பேனாவைக் கேட்டு வாங்கி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டாள். அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.

ஜெராமில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள் என்று பிறகு ஷஹீதா மூலம் தெரிந்தது. அவளுக்கு வயது முப்பத்தைந்து. இனி ஐம்பது வயதுக்காரியை எடுக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்று ஷஹீதா வருத்தத்தோடு சொன்னாள்.

* * *

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விஷாலினி அந்தத் தோட்டத்துக்குப் போனாள். ரவாங்கில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைச் சொல்லிவரலாம் என்று கிளம்பினாள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். மூன்று முறை கூப்பிட்டும் நாகமணி எடுக்கவில்லை.

லயத்தில் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அன்பரசி, "அக்கா வேலக்காட்டுல இருக்கு. பத்தாம் நம்பர் பிளாக்குல" என்று வழி காட்டினாள். செம்பனை நிரைகளுக்குள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள். நாகமணி ஒரு மரத்தடியில் குந்தியிருந்தாள். குலை விழுந்தபோது சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். காலில் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து. ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். காரைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்து எழுந்தாள்.

"வாங்க மிஸ். சாப்டீங்களா?"

விஷாலினி வேலையைப் பற்றிச் சொன்னாள். நாகமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"ரவாங்குக்கு எப்படிப் போறது? கம்பெனி பஸ்ஸு இருந்திச்சி, போனோம் வந்தோம். இந்த ரோட்டுல வேற பஸ் ஏது?"

விஷாலினி அதை யோசித்திருக்கவில்லை. மாதாமாதம் கம்பெனி பஸ் பட்டியலைத் தயாரித்தவள், அதை யோசிக்காமலே இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"குமுதாகிட்ட போயி இருக்கலாமேக்கா?"

"மாமியார் மாமனார் இருக்குற வீடு. போயி எங்க நிக்கிறது?" நாகமணி சாக்கை இழுத்து அடுத்த மரத்தடிக்குப் போனாள். விஷாலினியும் பின்னால் போய், குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு முள் விரலில் ஏறியது.

"வேணாம். வேல வாங்குற மண்டோர் பாத்தா ஏசுவான். வெளியாளு தொடக்கூடாது."

கையிலிருந்ததைச் சாக்கில் போட்டுவிட்டு விஷாலினி நின்றாள். "என்ன மன்னிச்சிடுங்கக்கா."

நாகமணி திரும்பிப் பார்த்தாள். கோபம் தெரியவில்லை அவளிடம். களைப்புத்தான் தெரிந்தது.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல. ஒங்க வயித்துப்பாட்ட நீங்க பாத்தீங்க. நானா இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேனோ." புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். "ஆனா இனிமே வராதீங்க மிஸ். ஒங்களப் பாத்தா அந்தக் கடலு நெனப்பு வருது. கெட்ட நாளா இருந்தாக்கூட மறந்து தொலைக்கலாம். அது நல்ல நாளாப் போச்சே. அதுதான் தாங்க முடியல."

மறுபடி குந்தி, பழங்களை வாரத் தொடங்கினாள். விஷாலினி இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். நாகமணி தலை நிமிரவில்லை. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று சாக்கை இழுத்துக்கொண்டு நிரைக்குள்ளே போய்க்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் சாக்கு உராய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பும்போது தோட்டத்துச் சாலையில் ஒரு லோரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு பேர் கம்பியால் குத்திக் குத்திக் குலைகளை மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். விஷாலினி காரை நிறுத்தினாள். ஒருவன் அவளைப் பார்த்து, இன்னும் நேரமாகும் என்று கைகாட்டினான். அவள் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.